மூங்கில் பூத்தால் பஞ்சம் வருமா?

உங்கள் தோப்பு ஓரத்தில் பல வருடமாக நிற்கும் மூங்கில் புதர் இந்த வருடம் பூத்துவிட்டது. "மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும், வெட்டிப் போடுங்கள்" என்கிறார் தாத்தா. அதெல்லாம் மூடநம்பிக்கை என்கிறார் அப்பா. இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூங்கில் ஏன் பூக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தால் நாலு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு: தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த ஒரு பேச்சுக்குள் ஏதாவது உண்மை இருக்கிறதா, இல்லை அது வெறும் பயமா என்பது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் தாவரவியல் படித்துவிட்டு வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி நீலகிரியின் அடிவாரக் காடுகளில் கழிந்தது. முள் மூங்கில் கூட்டமாகப் பூத்துச் சாவதை நேரில் பார்த்திருக்கிறேன். மிசோரம் பற்றிக் கீழே நிறையச் சொல்லப் போகிறேன். அது படித்தும் அந்தப் பக்கத்து வனத்துறை நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது, அங்கே வேலை பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மூங்கில் மரமில்லை, புல். நெல், கோதுமை, கரும்பு எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். நெல் பூத்துக் கதிர் முற்றியதும் தாள் காய்ந்துவிடுகிறது அல்லவா, பெரும்பாலான காட்டு மூங்கில்களும் அப்படித்தான். வித்தியாசம், நெல்லுக்கு நாலு மாதம் என்றால் மூங்கிலுக்கு முப்பது, நாற்பது, ஐம்பது வருடம். அத்தனை காலமும் வேரிலிருந்து குருத்து விட்டு விட்டுப் பெருகும். பிறகு ஒரு வருடம் இலையெல்லாம் உதிர்ந்து, கழி முழுக்க வைக்கோல் நிறத்தில் பூங்கொத்துகள் தொங்கும். விதை விழும். அதன் பின் தூரோடு செத்துப்போகும். ஒரே விதைப்பில் பிறந்த மூங்கில்கள் ஒரே காலத்தில் பூப்பதால், ஒரு மலைச்சரிவே ஒன்றிரண்டு வருடத்துக்குள் காய்ந்து நிற்கும். குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூத்து மடிவது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. மூங்கிலும் அதே வழிதான், கணக்கு மட்டும் நீளம்.

எவ்வளவு நீளம் என்பது இனத்துக்கு இனம் மாறும். அதே இனத்திலும் இடத்துக்கு இடம் மாறும். நம் முள் மூங்கிலுக்கே மேற்குக் கடற்கரைப் பதிவுகளில் 1804, 1836, 1868 என்று 32 வருட இடைவெளி வருகிறது. டேராடூன் பக்கம் அதே இனத்துக்கு 45 வருடம் சொல்கிறார்கள். ஆகவே "48 வருடத்துக்கு ஒருமுறை மூங்கில் பூக்கும்" என்று எல்லா மூங்கிலுக்கும் சேர்த்து எங்கேயாவது படித்தால் நம்பாதீர்கள். அந்த 48 ஒரு குறிப்பிட்ட மூங்கிலின் கணக்கு. பஞ்சம் என்ற பேச்சுக்கு மிக வலுவான சாட்சியும் அதே மூங்கில்தான் சொல்கிறது.

வங்காள விரிகுடாவுக்கு வடகிழக்கே, இன்றைய மிசோரம், அதை ஒட்டிய திரிபுரா, மணிப்பூர் மலைகள், வங்கதேசத்தின் சிட்டகாங் குன்றுகள், பர்மாவின் சின் மலைகள் எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கும் மூங்கில் அது. தாவரவியலில் மெலோகன்னா பாக்சிஃபெரா என்பார்கள், மிசோ மக்கள் மௌதாக் என்பார்கள். நம் முள் மூங்கில் போல ஒரே தூராக நெருங்கி வளராது. வேர்த்தண்டு தரைக்கடியில் நீளமாக ஓடி, இங்கொன்று அங்கொன்றாகக் கழி கிளம்பும். அதனால் ஒரு சரிவைப் பிடித்தால் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். இதன் விசேஷம் காய். நம் மூங்கிலில் விழுவது கோதுமை மணி போன்ற சின்ன விதை. மௌதாக்கில் தொங்குவது பேரிக்காய் அளவுக்குச் சதைப்பற்றுள்ள காய். புல் குடும்பத்திலேயே பெரிய கனி இதுதான் என்று கருதப்படுகிறது. நெல்லின் சொந்தக்காரச் செடியில் பேரிக்காய் காய்ப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கு டன் டன்னாக விழும்.

இந்த மூங்கில் பூத்த வருடங்களை மிசோ மக்கள் துல்லியமாக நினைவு வைத்திருக்கிறார்கள். 1863ஐ ஒட்டி ஒருமுறை, 1911, 1959, 2007. இடைவெளி 48. இந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் மௌதாம். மௌ என்றால் மூங்கில், தாம் என்றால் சாவு. பூப்பதைச் சொல்லும் பெயரே சாவைச் சொல்லும் பெயராக இருக்கிறது. இது போக இன்னொரு வகை மூங்கில் பூக்கும் காலத்துக்குத் திங்தாம் என்று தனிப் பெயர் உண்டு: 1881, 1929, 1977. அதுவும் 48தான். ஒரு மௌதாமுக்குப் பின் 18 வருடத்தில் திங்தாம், அங்கிருந்து 30 வருடத்தில் அடுத்த மௌதாம் என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். எழுதி வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்பே இந்தக் கணக்கு அவர்கள் வாயில் இருந்தது. ஒரு மனிதன் தன் ஆயுளில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை பார்க்கக்கூடிய ஒன்றை, ஆண்டுக் கணக்கு பிசகாமல் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

சரி, மூங்கில் பூத்தால் சோறு எப்படிக் குறையும்? நடுவே நிற்பது எலி. காய் விழுவது பெரும்பாலும் கோடை கழிந்து மழை தொடங்கும் மாதங்களில். விழுந்ததெல்லாம் ஒரே நாளில் விழாது, சில மாதங்களுக்கு விழுந்துகொண்டே இருக்கும். காட்டெலிக்கு இது ஓயாத விருந்து. பெட்டை எலி சுமார் மூன்று வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாமும் குட்டி போடத் தயாராகிவிடும். சாதாரண வருடத்தில் குட்டிகளில் பெரும்பங்கு பசியால் சாகும். இந்த வருடம் சாகாது. ஆக, காய் விழும் காலத்துக்குள் இரண்டு மூன்று தலைமுறை எலி பெருகிவிடும். இதற்குள் மழையில் காய்கள் முளைத்துவிடும், மிச்சம் அழுகிவிடும். இந்தக் காயை நெல் போலச் சேர்த்து வைக்கவும் முடியாது, சீக்கிரம் கெட்டுப்போகும். அப்போது காட்டில் லட்சக்கணக்கான எலிகள் பசியோடு நிற்கும். அதே நேரம் மலைச்சரிவுகளில் புனக்காட்டு நெல் கதிர் பிடித்து முற்றிக்கொண்டிருக்கும். மிசோ விவசாயி காட்டை வெட்டி எரித்து, ஏர் இல்லாமல் விதைத்த நெல் அது. வருடத்துக்கு ஒரே விளைச்சல். நேற்று மாலை பார்த்த வயல் இன்று காலையில் தாளோடு அறுபட்டுக் கிடந்தது என்று அங்கே சொல்வார்கள். வயலை முடித்துவிட்டுக் குதிரில் இருக்கும் நெல்லுக்கும் வரும்.

இந்தச் சங்கிலியில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மூங்கில் காய்த்ததை அடுத்து எலி பெருகும், எலி பெருகியதை அடுத்து நெல் போகும் என்பது உறுதி. 2007 மௌதாமின்போது வெளிநாட்டு, உள்நாட்டு ஆய்வாளர்கள் கூண்டு வைத்து, எலிகளை அளந்து பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் மூங்கில் காயில் ஏதோ மருந்துச் சத்து இருக்கிறது, அதைத் தின்றால் எலிக்குக் கருத்தரிக்கும் சக்தி கூடும் என்று ஒரு பேச்சும் உலவுகிறது. நம்மூர் விற்பனை விளம்பரங்களிலும் மூங்கிலரிசிக்கு இதே குணத்தை ஏற்றிச் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வயிறாரத் தின்னக் கிடைத்தாலே எலி அந்த வேகத்தில் பெருகும், அதற்கு மேல் ஒரு மாயச் சத்து தேவையில்லை. குழந்தைப்பேறுக்காக யாராவது உங்களிடம் மூங்கிலரிசியை அதிக விலைக்கு விற்றால் வாங்க வேண்டாம். நல்ல சாப்பாடு என்று நினைத்து வாங்கினால் தாராளமாக வாங்கலாம்.

இங்கேதான் என் மனதை மிகவும் உறுத்தும் பகுதி வருகிறது. 1958இல் மிசோ மலைகள் அசாமின் ஒரு மாவட்டம். மூங்கில் பூக்கத் தொடங்கியதைப் பெரியவர்கள் பார்த்தார்கள், அடுத்த வருடம் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அக்டோபரில் மாவட்ட கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது: பஞ்சம் வரப் போகிறது, முன்கூட்டியே நிவாரண வேலைகளுக்கு 15 லட்சம் ரூபாய் ஒதுக்குங்கள் என்று. அசாம் அரசு மறுத்துவிட்டது. பூவைப் பார்த்துப் பஞ்சம் சொல்வது மலைவாசிகளின் நம்பிக்கை, அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதுதான் அன்றைய நிலைப்பாடு. 1959இல் எலி வந்தது, நெல் போனது, மக்கள் காட்டுக் கிழங்கும் வேரும் தோண்டித் தின்றார்கள். சாலை சரியாக இல்லாத மலைகளுக்கு அரிசி போய்ச் சேர நாளாயிற்று.

அந்தப் பட்டினிக்கு உதவ இளைஞர்கள் சேர்ந்து அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1960இல் அந்த முயற்சிக்கு மிசோ தேசியப் பஞ்ச முன்னணி என்று பெயர். 1961 அக்டோபரில் 'பஞ்ச' என்ற சொல் உதிர்ந்து மிசோ தேசிய முன்னணி ஆனது. தலைவர் லால்டெங்கா. 1966இல் அவர்கள் ஆயுதம் தூக்கித் தனிநாடு அறிவித்தார்கள். அந்த மார்ச்சில் ஐசால் நகரத்தின் மீது இந்திய விமானப்படை குண்டு போட்டது. அடுத்த வருடத்திலிருந்து ஊர் ஊராக மக்களைக் கிளப்பிச் சாலையோர முகாம்களில் குடியமர்த்தினார்கள். 1986 ஜூன் 30 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1987 பிப்ரவரியில் மிசோரம் தனி மாநிலமானது, லால்டெங்காவே முதல்வரானார். மூங்கில் பூத்ததால்தான் கிளர்ச்சி வந்தது என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மொழி, மதம், அசாமோடு சேர்ந்திருப்பதில் இருந்த மனக்கசப்பு என்று பல காரணங்கள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் அந்தக் கசப்புக்கு ஓர் அமைப்பும் ஆள்பலமும் மக்கள் நம்பிக்கையும் கிடைத்தது பஞ்ச நிவாரண வேலையில்தான். 15 லட்சத்தை அன்றே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. கொடுத்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

2007க்கு முன்பு அரசு விழித்துக்கொண்டது. வருடங்களுக்கு முன்பே திட்டம் போட்டார்கள். எலி தொடாத இஞ்சியும் மஞ்சளும் பயிரிடச் சொன்னார்கள். எலி வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு என்று அறிவித்தார்கள், மக்கள் வால்களை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். பூப்பதற்கு முன் மூங்கிலை வெட்டி விற்கவும் முயன்றார்கள். ஆனாலும் நெல் பெருமளவு போனது. வெளியிலிருந்து அரிசி வந்ததால் 1959 திரும்பவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பர்மாவின் சின் மலைகளில், அப்படி அரிசி கொண்டுவர ஆளில்லாததால் மக்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள். பூ அதே பூ, எலி அதே எலி.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களைப் பார்த்துச் சொன்ன புறநானூற்றுப் பாட்டு உங்களுக்குப் பள்ளியில் வந்திருக்கும். நீங்கள் மலையைச் சுற்றி வளைத்தாலும் உள்ளே இருப்பவர்களைப் பட்டினி போட முடியாது, உழவர் உழாமலே விளையும் நான்கு பொருள் அங்கே இருக்கிறது என்கிறார். அந்த நான்கில் முதலாவது, "சிறியிலை வெதிரின் நெல் விளையும்மே". வெதிர் என்றால் மூங்கில். பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் மூன்றும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. முற்றுகைக் காலத்தில் உயிரைக் காப்பாற்றும் சோறாக மூங்கில் நெல்லை முதலில் வைக்கிறார் கபிலர். மிசோரமில் பஞ்சத்தின் பெயராக இருப்பது, பறம்பில் பஞ்சத்துக்கு மருந்தாக இருக்கிறது.

காட்டுக்காரனாக இந்தப் பாட்டில் எனக்கு நெடுநாள் ஒரு நெருடல் இருந்தது. பலா வருடா வருடம் காய்க்கும், வள்ளி வருடா வருடம் இறங்கும், தேன் வருடா வருடம் கிடைக்கும். முப்பது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை விளைவதை எப்படிக் கபிலர் அந்த வரிசையில் சேர்த்தார்? என் ஊகம் இது, ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: நம் வறண்ட குன்றுகளில் நிற்கும் கல் மூங்கில் எல்லாம் சேர்ந்து ஒரே வருடம் பூப்பதும் உண்டு, தூர் தூராக அங்கங்கே வெவ்வேறு வருடங்களில் பூப்பதும் உண்டு. இன்று பறம்பு என்று சொல்லப்படும் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையும் வறண்ட பகுதியில்தான் இருக்கிறது. பெரிய மலையில் ஏதாவது ஒரு மூலையில் ஏதாவது ஒரு தூர் விதைத்துக்கொண்டே இருந்திருக்கலாம். கபிலர் மூங்கிலைப் பார்க்காமல் பாடியவர் இல்லை.

நீலகிரி அடிவாரத்தில் முள் மூங்கில் பூத்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். காட்டு நாயக்கர், பணியர் குடும்பங்கள் பூத்த தூரின் அடியில் முள்ளையும் சருகையும் ஒதுக்கி, தரையைப் பெருக்கிச் சாணம் மெழுகி வைத்துவிடுவார்கள். நம் களத்துமேடு போல. விதை உதிர உதிரக் கூட்டி அள்ளி, புடைத்து, மண் போக்கி, குத்தி அரிசியாக்குவார்கள். கஞ்சியாகக் குடிப்பார்கள், வெல்லம் சேர்த்துப் பாயசம் வைப்பார்கள். ஒருநாள் காலையில் ஒரு மூதாட்டி ஒரு சுளகு நிறைய அரிசியைக் காட்டி, தன் சிறுவயதில் தாயோடு வந்து இதே ஓடைக்கரையில் கூட்டியதாகச் சொன்னார். இடையில் ஒருமுறைகூட இல்லை. காட்டுக்கோழியும் புறாவும் கிளியும் அந்த மாதங்களில் அங்கே வந்து குவியும். எலியும் பெருகத்தான் செய்தது, ஆனால் ஊரை அழிக்கும் அளவுக்கு இல்லை. விதை சின்னது, காய் போலச் சதை கிடையாது. அந்தக் காட்டின் ஓரத்தில் வருடத்துக்கு ஒரே விளைச்சலாக மலைநெல்லை மட்டும் நம்பிய ஊர்களும் குறைவு. தேயிலை, மிளகு, கூலி வேலை, ரேஷன் கடை எல்லாம் இருந்தன.

பஞ்ச வருடத்தில் மூங்கில் சோறு போட்டதற்கு வேறு பதிவுகளும் உண்டு. 1812இல் ஒரிசாவில் மூங்கில் விதைத்தது பட்டினியைத் தடுத்ததாகவும், விதை உதிர்வதை எதிர்பார்த்து மக்கள் இரவும் பகலும் தூரடியில் காத்துக் கிடந்ததாகவும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. 1864இல் வடகன்னடத்து சூபா காடுகளுக்கு தார்வார், பெல்காம் பக்கத்திலிருந்து சுமார் 50,000 பேர் விதை பொறுக்க வந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவுகளிலிருந்துதான் இன்னொரு குழப்பம் பிறந்தது என்று நினைக்கிறேன். வறட்சி வருடத்தில் பசித்தவன் காட்டுக்குப் போகிறான், அங்கே மூங்கிலரிசி கிடைக்கிறது. பிழைத்த பிறகு அவன் நினைவில் பஞ்சமும் மூங்கில் பூவும் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு சொல்லும்போது முன்பின் மாறி, மூங்கில் பூத்ததால் பஞ்சம் வந்தது என்று ஆகிவிடும். வறட்சியால் மூங்கில் பூக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் சில வனத்துறை அதிகாரிகளே வாதாடியிருக்கிறார்கள். நல்ல மழை பெய்த வருடங்களிலும் மூங்கில் தன் முறை வந்ததும் பூத்திருக்கிறது. ஆகையால் வறட்சியை முதல் காரணமாகச் சொல்ல முடியாது. முறை நெருங்கிய தூரை வறட்சி ஒன்றிரண்டு வருடம் முன்னே தள்ளலாம், அவ்வளவுதான்.

ஏன் இத்தனை வருடம் காத்திருந்து எல்லாம் சேர்ந்து பூக்கிறது? 1976இல் டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விளக்கம் கொடுத்தார், இன்றும் பலர் ஏற்பது அதுதான். தனியாகப் பூத்தால் விதை முழுவதையும் எலியும் பறவையும் தின்றுவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் பூத்துக் கொட்டினால் தின்பவர்கள் வயிறு நிறைந்து போதும் போதும் என்ற பிறகும் விதை மிஞ்சும். இடையில் பல வருடம் ஒன்றுமே கொடுக்காததால் எலிக்கூட்டமும் அதை நம்பிப் பெருகி நிற்காது. முன்னதாகவோ பின்னதாகவோ பூக்கும் தனிமூங்கிலின் வாரிசு அழிந்துபோகும், கூட்டத்தோடு பூப்பவையே தலைமுறை தாண்டும். 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதோடு ஒன்றைச் சேர்த்தார்கள். முதலில் குறைந்த இடைவெளியில் ஒத்துப்போன கூட்டத்தில், ஒரு சில மூங்கில்கள் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ காத்திருந்தால், அவையும் கூட்டம் பூக்கும் ஏதோ ஒரு வருடத்தில்தான் பூக்கும், அதனால் தப்பிக்கும். அப்படி மடங்கு மடங்காக ஏறித்தான் நீண்ட இடைவெளிகள் வந்தன என்பது அவர்கள் வாதம். 32, 60, 120 என்று பல மூங்கில்களின் கணக்கு 2, 3, 5 என்ற சின்ன எண்களைப் பெருக்கினால் வந்துவிடுகிறது. மிசோரமின் 48ஐயும் பெருக்கிப் பாருங்கள்: நான்கு இரண்டும் ஒரு மூன்றும். மிக அழகான விளக்கம், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனாலும் செடிக்குள் வருடத்தை எண்ணும் கடிகாரம் எது என்பது இன்னும் அவிழாத முடிச்சுதான்.

120 வருடக் கணக்கு ஜப்பானில் மடாகே என்று சொல்லும் மூங்கிலுக்கு. 1960களில் அது பூத்தபோது ஜப்பான் மூங்கில் தோப்புகளில் பெரும்பகுதி செத்தது. எலிக் கதையும் மிசோரமோடு நிற்கவில்லை. அர்ஜென்டினாவின் படகோனியாவில் 2000, 2001இல் அவ்வூர் மூங்கில் பூத்து எலி பெருகியது. சீனாவில் பஞ்சம் பாண்டாவுக்கு: 1970களின் நடுவில் மின் என்ற மலைத்தொடரில் மூங்கில் பூத்துக் காய்ந்தபோது 138 பாண்டாக்கள் செத்துக் கிடந்தன. அங்கே விதை பெருகியதால் வந்த துன்பம் இல்லை, இலையும் குருத்தும் இல்லாமல் போனதால் வந்தது. நம் யானைகளும் காட்டு மாடுகளும் மூங்கிலைத் தின்பவைதான். ஒரு பள்ளத்தாக்கில் மூங்கில் முழுதும் செத்தால் சில வருடம் அவை வேறு பக்கம் நகரும், வயல் பக்கமும் வரும்.

இப்போது உங்கள் தோப்புக்கு வருகிறேன். தாத்தா சொன்னது எங்கோ ஒரு மலையில் நூற்றுக்கு நூறு உண்மை. பெரிய காய் காய்க்கும் மூங்கில், அது சரிவு சரிவாக நிற்கும் காடு, ஒரே விளைச்சலை நம்பிய ஊர், வெளியிலிருந்து அரிசி வராத நிலை. இந்த நான்கும் சேர்ந்தால் பூவைப் பார்த்ததுமே பயப்படுவதில் நியாயம் உண்டு. உங்கள் தோப்பில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. ஒரு தூர் பூத்து உங்கள் தாலுகாவில் பஞ்சம் வராது. அப்பா அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் சரியில்லை. 1958இல் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களும் அதையே சொன்னார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கணுக்களில் வளைந்த முள் தெரிகிறது, ஆகவே முள் மூங்கில் என்றே படுகிறது. நேரில் பார்க்காமல் அதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் கண்ணாடி ஜாடியில் வைக்கிறார்களே லக்கி பேம்பூ, அது மூங்கிலே இல்லை, டிரசீனா என்ற வேறு செடி. அது பூத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் ஆகாது.

தூரை இப்போது வெட்ட வேண்டாம். விதை முற்றி உதிரும் வரை விடுங்கள். அடியைச் சுத்தம் செய்து மெழுகி வைத்தால் வீட்டுக்குக் கொஞ்சம் அரிசி தேறும். பழைய அரிசி போல அதிக நேரம் ஊற வைத்துச் சமையுங்கள். கொஞ்சம் விதையை அப்படியே விடுங்கள், முதல் மழையில் புல் போல முளைத்து வரும். ஆடு மேயாமல் முள்வேலி போட்டால் சில நாற்றுகள் நின்றுவிடும். விதை உதிர்ந்தபின் தூர் பட்டுவிடும், தாத்தா வெட்டச் சொன்னதை அப்போது செய்யலாம். செய்யவும் வேண்டும், காய்ந்த மூங்கில் புதர் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். காட்டில் மூங்கில் பூத்த மறு கோடைகளில் நாங்கள் அதிகம் பயந்தது தீக்குத்தான். நெல்லோ கடலையோ பக்கத்தில் சேமித்து வைத்திருந்தால் அடுத்த சில மாதம் எலிக்கு மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இதற்கு முன் அந்தத் தூரோ, அது எங்கிருந்து வந்ததோ அந்தத் தாய்த்தூரோ பூத்ததை அவர் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். வருடம் நினைவில்லை என்றால், அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, கிணறு வெட்டியிருந்ததா, எந்தப் புயல் அடித்தது என்று கேட்டால் வருடம் பிடிபடும். அந்த வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, எனக்கும் தெரியப்படுத்துங்கள். உங்கள் மாவட்டத்து முள் மூங்கிலுக்குக் கணக்கு 32ஆ 45ஆ என்பது எனக்கும் தெரிய வேண்டும்.